தோட்டமா, ஹட்டனா, வத்தளையா: பிள்ளை வளர்க்க எந்த வீடு?

மலையகத்தில் மூத்த பிள்ளைக்கு நான்கு வயது நிறைவதற்குள், எங்கே குடியிருப்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. தரம் 1 அனுமதிக்கான வதிவிட ஆவணங்கள் அதற்கு முன்பிருந்தே சேரத் தொடங்க வேண்டும் என்பதே காரணம். எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன: நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையில் என் மாமனார் மாமியார் இருக்கும் தேயிலைத் தோட்டத்து வீடு, ஹட்டன் நகரத்தில் ஒரு வாடகை வீடு, என் தம்பி குடும்பத்தோடு இருக்கும், கொழும்பை அடுத்த வத்தளை. நான் அந்தத் தோட்டத்துக்கு அருகிலுள்ள பாடசாலை ஒன்றில் ஆசிரியை. கணவருக்கு ஹட்டனில் வேலை. ஹட்டனைத் தேர்ந்து, பிள்ளைகளை அங்கேயே வளர்த்து வருகிறோம். ஆகவே இந்த அலசல் ஹட்டன் பக்கம் சாய்ந்திருப்பதை மறைக்கப் போவதில்லை.

வத்தளையை முதலில் முடித்துவிடுகிறேன். வேலை வாய்ப்பும் சம்பளமும் அங்கே கூடுதல். பிள்ளைக்குக் கடுமையான நோய் வந்தால் பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தெருவில் விளையாடியே பிள்ளை சிங்களம் பேசப் பழகிவிடும். இவற்றை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் டெங்கு ஆண்டுதோறும் வருகிற விருந்தாளி. 1,200 மீற்றருக்கு மேலே இருக்கும் ஹட்டனில் அந்தப் பயம் மிகக் குறைவு. பெயர்பெற்ற தமிழ்மொழிப் பாடசாலையில் இடம் கிடைப்பதும் எளிதல்ல. தரம் 1 அனுமதியில் பாதி இடங்கள் பாடசாலைக்கு அண்மையில் வசிப்பவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பிரிவில் வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதற்கும் புள்ளி உண்டு. நேற்று வந்து குடியேறிய குடும்பம் அந்த வரிசையில் கடைசியில்தான் நிற்கும். இடம் கிடைத்தவர்களும், களனிப் பாலத்து நெரிசலைத் தாண்டுவதற்காக ஆறு மணிக்கு முன்பே பிள்ளையைப் பாடசாலை வேனில் ஏற்றிவிடுகிறார்கள். என் தம்பி மகன் காலைச் சாப்பாட்டை வேனிலேதான் சாப்பிடுகிறான்.

தோட்டத்து வீட்டை அப்படி விரைவாகத் தள்ளிவிட முடியாது. ஐந்து வயது வரை பிள்ளை வளர்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அப்பாயியும் தாத்தாவும் வீட்டில் இருக்கிறார்கள். பக்கத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பெரியம்மா இருக்கிறார். தாய் வேலைக்குப் போனால் பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், ஆயா பார்த்துக்கொள்வார். பிள்ளை எந்த வாசலில் விழுந்தாலும் தூக்கிவிட ஒரு கை இருக்கும். நகரத்தில் இதே உதவிக்குப் பணம் கொடுத்து ஆள் தேட வேண்டும். நம்பிக்கையான ஆள் பணம் கொடுத்தாலும் கிடைப்பதில்லை. பீலித் தண்ணீரும் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மரக்கறித் தோட்டமும் குடும்பச் செலவைக் கணிசமாகக் குறைக்கின்றன. குளவிக் கொட்டு, அட்டை, பக்கத்துப் பற்றைக்குள் வந்து போகும் சிறுத்தை ஆகிய பயங்கள் உண்டுதான். ஆனால் அங்கே வளரும் பிள்ளைகள் அவற்றோடு வாழப் பழகிவிடுகிறார்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய லயத்தின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் படிக்கிற பிள்ளைக்கு ஒரு மேசை போட இடமில்லை. அடுப்புப் புகை இஸ்தோப்பு வரை வரும். தொய்வு உள்ள பிள்ளைக்கு அந்தப் புகையும் ஈரமும் சேர்ந்து பெரும் தொல்லை. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட தனி வீடுகள் அந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டன. எங்கள் மாமனாருக்குக் கிடைத்ததும் அப்படியொரு வீடுதான். இரண்டு அறை, தனிக் குசினி, ஓடுகிற தண்ணீர் என்று பார்த்தால் ஹட்டனில் நாங்கள் வாடகை கொடுக்கும் வீட்டைவிட அது நல்ல வீடு. அப்படியிருந்தும் அங்கே போகாததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: பாடசாலைக்குப் போகும் வழி.

தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசு பொறுப்பேற்றது. அதற்குப் பிறகு கட்டடங்களும் ஆசிரியர்களும் கூடியிருக்கிறார்கள்; அங்கே கற்பிக்கிறவள் என்ற முறையில் அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. தரம் 5 வரை எங்கள் பாடசாலை எந்த நகரப் பாடசாலைக்கும் பின்தங்கியதல்ல. ஆயினும் தோட்டத்துப் பாடசாலைகளில் பல தரம் 5 உடனோ தரம் 11 உடனோ நின்றுவிடுகின்றன. உயர்தரம் இருந்தாலும் கலையும் வர்த்தகமும் மட்டுமே உள்ள 1சி வகையாக இருக்கும். விஞ்ஞானமும் கணிதமும் உள்ள 1ஏபி தமிழ்ப் பாடசாலைகள் பெரும்பாலும் நகரங்களை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே தோட்டத்தில் இருக்கும் பிள்ளை இன்றில்லாவிட்டாலும் ஆறாம் தரத்திலோ பன்னிரண்டாம் தரத்திலோ நகரத்துக்கு வரத்தான் வேண்டும். அந்தப் பயணம் பிள்ளையை என்ன செய்கிறது என்பதை நான் வீட்டுக்குள்ளேயே பார்க்கிறேன். என் கணவருடைய அண்ணன் மகள் மேல் டிவிசனில் இருந்து ஹட்டனுக்குப் படிக்கப் போகிறாள். விடிவதற்கு முன் எழுந்து, ரப்பர் செருப்போடு தேயிலை மலைக்குள் இறங்கி, வெள்ளைச் சப்பாத்தைப் பொலித்தீன் பையில் கொண்டுவந்து, பிரதான வீதிக் கடையின் படியில் கால் கழுவி மாட்டிக்கொள்கிறாள். செருப்பைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவாள். அந்த நேரத்தில் நகரத்துக்கு வரும் பஸ்களில் கால் வைக்கவும் இடமிருக்காது. பஸ் தவறினால் 7.30க்குத் தொடங்கும் முதற் பாடம் போய்விடும். அவளுடைய வகுப்பில் முதற் பாடம் பெரும்பாலும் கணிதம்.

பின்னேரந்தான் இதைவிடச் சிக்கலானது. பாடசாலை 1.30க்கு விடுகிறது, ரியூஷன் வகுப்பு நான்கு, ஐந்து மணி வரை போகும். அதற்குப் பிறகு பஸ் பிடித்து இறங்கும்போது இருட்டிவிடும். மலைப் பாதையில் விளக்கு கிடையாது. அப்பாவோ அண்ணனோ டோர்ச் லைட்டோடு சந்தியில் காத்திருக்க வேண்டும். அவர்களுக்கு வேலை இருந்தால் அன்று வகுப்பு இல்லை. பெண் பிள்ளையென்றால் இந்தக் கணக்கு இன்னும் இறுகிவிடுகிறது. பத்தாம் தரத்தில் மேலதிக வகுப்பை விட்டுவிட்ட கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். படிப்பு ஏறாமல் விட்டவர்கள் அவர்களில் எவருமில்லை. தென்மேல் பருவமழை இறங்கும் ஜூன், ஜூலை மாதங்களில் இவையெல்லாம் இரட்டிக்கும். ஹட்டனுக்கு மேற்கேயுள்ள வட்டவளை ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுகிற இடம். எங்கள் பக்கம் அவ்வளவு இல்லையென்றாலும் நனைந்த சப்பாத்து மறுநாள் காலைக்குள் காய்வதில்லை. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் வெள்ளை மஞ்சளாகிவிடும்.

மலைநாட்டில் வீட்டையும் வேலையையும் பாடசாலையையும் ஒரே இடத்தில் சேர்த்துக்கொள்ளும் பாக்கியம் மிகச் சிலருக்குத்தான். யாரோ ஒருவர் அன்றாடம் பயணம் செய்தே தீர வேண்டும். அந்த ஒருவர் வளர்ந்தவராக இருக்கட்டும் என்பதுதான் எங்கள் முடிவு. இதில் ஒரு வசதியும் இருக்கிறது. காலையில் ஹட்டனுக்கு வரும் பஸ்கள்தான் நிரம்பி வழிகின்றன. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைப் பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு யன்னலோர இருக்கை கிடைக்கிறது, பயிற்சிக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே போகிறேன். பஸ் பிந்தினால் வரவுப் பதிவேட்டில் என் பெயருக்கு மேலே சிவப்புக் கோடு விழும். அதைத் தாங்கிக்கொள்ளலாம், பிள்ளையின் முதற் பாடம் போகாது. என் மகள்கள் இருவரும் ஏழு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி நடந்தே போகிறார்கள். வகுப்பு முடிந்து வரும் வழியிலும் கடைவீதி வெளிச்சமும் தெரிந்த முகங்களும் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளையைவிட அவர்களுக்கு ஒன்றரை மணி நேர உறக்கமாவது கூடுதலாகக் கிடைக்கிறது. வீட்டுப்பாடத்துக்கு உதவி செய்வதைவிட இந்த உறக்கமே பெரிய உதவி என்று ஆசிரியையாக எனக்குத் தோன்றுகிறது.

பாதையைப் பற்றிப் பேசும்போது மண்சரிவை விட்டுவிட முடியாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் வீதிகளும் மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் அறுந்துபோயின. அப்படிப்பட்ட நாளில் பிள்ளை ஒரு பக்கமும் வீடு மறு பக்கமும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது சிறிய விடயமல்ல. ஆனால் நகரம் என்றாலே பாதுகாப்பு என்றும் எண்ணிவிடக் கூடாது: ஹட்டனிலும் சரிவில் தாங்குசுவர் கட்டி அதன்மேல் எழுப்பிய வீடுகள் நிறைய. வாடகைக்கு எடுக்கும் முன் பின்புற மண்மேட்டையும் தண்ணீர் வடியும் வழியையும் மழை நாளில் போய்ப் பார்ப்பது நல்லது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளில் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் வரும். அதைக் கவனிக்கும் பழக்கமும் வேண்டும்.

ஹட்டனின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். சமதரை அரிதான ஊர் என்பதால் வாடகை, வீட்டின் தரத்துக்குப் பொருந்தாத அளவு கூடுதல். இருந்தாலும் வத்தளையில் தம்பி கொடுக்கும் வாடகையில் இங்கே வாடகையும் கட்டி இரு பிள்ளைகளின் வகுப்புக் கட்டணத்தையும் சமாளித்துவிடலாம். மழை மாதங்களில் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சீருடை காயாது என்பதற்காகவே மேலதிகமாக ஓரிரு சோடி தைத்து வைத்திருக்கிறோம். பெப்ரவரி, மார்ச்சில் குழாய்த் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரும். முற்றம் இல்லை, ஓடி விளையாட டன்பார் மைதானத்துக்குத்தான் போக வேண்டும். காய்ச்சல், சளி போன்றவற்றுக்கு அயலிலேயே டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. விசேட சிகிச்சை என்றால் கண்டிக்குப் போக வேண்டும். அப்பாயியின் மடி வார இறுதிக்கு மட்டும் என்றாகிவிட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் தவறாமல் போகிறோம். அது அன்றாடம் கூட இருப்பதற்கு ஈடாகாது.

வத்தளைக்குப் போகாததில் இன்னொரு கணக்கும் இருந்தது. பல்கலைக்கழக அனுமதியில் கலைப்பிரிவு நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன. கொழும்பும் கம்பஹாவும் இல்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எந்த மாவட்டத்தில் படித்தார் என்பதே மாணவரின் மாவட்டத்தைத் தீர்மானிக்கிறது. மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ முயலும் பிள்ளையை ஒன்பதாம், பத்தாம் தரத்தில் கொழும்புக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர், அந்த மாற்றத்தால் வெட்டுப்புள்ளி (அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி) எவ்வளவு உயரும் என்று முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல ஆசிரியர் கிடைப்பார் என்ற ஆதாயம் அந்த உயர்வை ஈடுசெய்யுமா என்பதை எங்கள் அனுபவத்தைக் கொண்டு சொல்ல இயலாது. மூத்தவள் இன்னும் எட்டாம் தரத்தில்தான் இருக்கிறாள்.

ஹட்டனுக்கு வர நினைக்கும் தோட்டத்துக் குடும்பங்கள் ஒரு வேலையை முன்கூட்டியே செய்துவிடலாம். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது, கடிதமே தோட்டத்து அலுவலகத்துக்குத்தான் வருகிறது. எனவே வாடகை வீட்டுக்கு நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி வாக்காளர் இடாப்பிலும் பெயரை நகரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சில் வீடு கொடுக்கும் வீட்டுக்காரர்கள் ஒப்பந்தம் என்றவுடன் தயங்குவார்கள். பாடசாலை அனுமதிக்காகத்தான் கேட்கிறோம் என்று முற்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.