முழு உடல் எம்.ஆர்.ஐ.யா, உறுப்புக்கு உறுப்பு சோதனையா?

எந்தத் தொந்தரவும் இல்லாத, நாற்பதைத் தாண்டிய ஒருவர் ‘எதற்கும் ஒரு தடவை உள்ளே பார்த்துவிடலாம்’ என்று கிளம்பினால், இன்று அவர் முன் இருக்கும் வழிகள் பல. முழு உடல் எம்.ஆர்.ஐ., முழு உடல் சி.டி., கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி எடுக்கும் பெட் சி.டி., ஒரே ரத்த மாதிரியில் பல புற்றுநோய்களைத் தேடும் சோதனை, மாஸ்டர் ஹெல்த் செக்கப். இவை போக, மார்பகத்துக்கு ஒன்று, கருப்பை வாய்க்கு ஒன்று, பெருங்குடலுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சோதிக்கும் பழைய வழியும் இருக்கிறது. குடும்பத்தில் பரம்பரைப் புற்றுநோய் இல்லாதவருக்கு இந்தப் பழைய வழிதான் மேல் என்பது எங்கள் தீர்மானம்.

அமெரிக்காவில் பிரெனுவோ போன்ற நிறுவனங்கள் சுமார் 2,500 டாலருக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுக்கின்றன. 2023-ல் கிம் கர்தாஷியன் அதைப் புகழ்ந்து இன்ஸ்டாகிராமில் பதிவிட்ட பிறகு பேச்சு உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு ஸ்கேன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி, அறிகுறியோ ஆபத்துக் காரணியோ குடும்ப வரலாறோ இல்லாதவருக்கு இதைப் பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்று அறிக்கை விட்டது.

மெஷின் பார்ப்பது என்ன

கதிர்வீச்சு இல்லை என்பதுதான் எம்.ஆர்.ஐ.யின் பெரிய பலம். 1.5 அல்லது 3 டெஸ்லா (காந்த வலுவின் அளவு) மெஷினில் உடலைச் சில பகுதிகளாகப் பிரித்துப் படமெடுத்து, பிறகு ஒன்றாக இணைப்பார்கள். முக்கால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். டி1, ஸ்டிர் என்ற வகைப் படங்களோடு, தண்ணீரின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படமும் கட்டாயம் வேண்டும். செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் நகர வழியில்லை. டிஃப்யூஷன் படத்தில் அந்த இடம் வெள்ளையாகப் பளிச்சிடும். கட்டி கண்ணில் படுவது இப்படித்தான்.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள், கருப்பையின் உட்சுவர் எல்லாம் இயல்பாகவே பளிச்சிடும். ரத்தசோகை உள்ள பெண்ணின் எலும்புகளில், கொழுப்பு மஜ்ஜை மறுபடி ரத்தம் உண்டாக்கும் மஜ்ஜையாக மாறியிருக்கும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது நோய் பரவியதுபோலத் தெரியலாம். நீர்க்கட்டியும் பளிச்சிடும் என்பதால், தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று அளந்து காட்டும் ஏ.டி.சி. வரைபடத்தைக் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் நீர்தான். அங்கே கறுத்துத் தெரிந்தால்தான் சந்தேகம் வலுக்கும்.

நேரமும் ஒரு விஷயம். புராஸ்டேட்டுக்கு மட்டும் எடுக்கும் எம்.ஆர்.ஐ., சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனில், ஏறக்குறைய அரை மணி நேரம் அந்த ஒரு சுரப்பியையே பார்க்கும். முழு உடல் ஸ்கேனில் அதே சுரப்பிக்குக் கிடைப்பது சில நிமிடங்களும் 5 மில்லிமீட்டர் அல்லது அதைவிடத் தடித்த படமும்தான்.

உறுப்பு உறுப்பாக வைத்துப் பார்த்தால்

நுரையீரலில் இருப்பது பெரும்பாலும் காற்று. எம்.ஆர்.ஐ.க்குத் தேவையான தண்ணீர் அங்கே குறைவு. மூச்சும் இதயத் துடிப்பும் படத்தைக் கலைத்துவிடும். நாலைந்து மில்லிமீட்டர் கணு (சிறு உருண்டைக் கட்டி) எளிதில் தப்பிவிடும். குறைந்த கதிர்வீச்சு சி.டி. அதைச் சில நொடிகளில் காட்டும். கதிர்வீச்சு சுமார் 1.5 மில்லி சீவர்ட். 53,454 புகைபிடிப்பவர்களையும் முன்பு பிடித்தவர்களையும் வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், மார்பு எக்ஸ்-ரே எடுத்தவர்களைவிட இந்த சி.டி. எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. முடிவு வெளியான ஆண்டு 2011. இன்றைய அமெரிக்க வழிகாட்டல்படி, 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 வருடத்துக்குச் சமமாகப் புகைத்து, இப்போதும் புகைப்பவர் அல்லது விட்டு 15 ஆண்டு ஆகாதவருக்கு ஆண்டுக்கொரு தடவை. புகைபிடிக்காதவருக்கு இந்த வழிகாட்டல் பொருந்தாது.

மார்பகத்தில் ஆரம்பநிலைப் புற்றுநோய் பல நேரம் உப்புத்தூள் போன்ற கால்சியப் புள்ளிகளாகத்தான் முதலில் தெரியும். கால்சியம் எம்.ஆர்.ஐ.யில் சமிக்ஞை தராது. மார்பகத்துக்கென்றே உள்ள சமிக்ஞை வாங்கும் கருவியும் (காயில்), திசுக்களைப் பிரித்துக் காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசியும் இல்லாமல் எடுத்த முழு உடல் படத்தை, மார்பக எக்ஸ்-ரேயான மேமோகிராமுக்கு ஈடாக எண்ணக் கூடாது.

பெருங்குடலில் மலமும் குடல் அசைவும் சின்ன பாலிப்பை (உட்சுவரில் வளரும் சதை மொட்டு) மறைத்துவிடும். கேமரா குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் பாலிப்பைக் கண்டால் அங்கேயே கம்பிக் கண்ணியைப் போட்டு வெட்டி எடுத்துவிடுவார்கள். புற்றுநோய் வரும் முன்பே கதை முடிந்தது. அதற்குத் தயங்குபவர் ஆண்டுதோறும் மலத்தில் மறைந்த ரத்தத்தைத் தேடும் ஃபிட் சோதனையாவது செய்யலாம்.

கருப்பை வாயில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கம். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் எந்த ஸ்கேனிலும் தெரியாது. அதைக் காட்டும் வேலையைச் சில சொட்டு அசிட்டிக் அமிலம் செய்துவிடும். 3 முதல் 5 சதவீதக் கரைசலைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும். மாற்றம் கண்ட இடம் வெளுத்து, ஓரம் தெளிவாகத் தெரியும். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஒரே ஒரு தடவை இந்தச் சோதனை செய்யப்பட்டது. அந்தக் குழுவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் லான்செட் இதழில் வெளியானது. ஒரு பாட்டில் அமிலமும் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸும் சாதித்த இதற்கு இணையாகக் காட்ட, பொது மக்களுக்கான முழு உடல் எம்.ஆர்.ஐ.யிடம் ஒரு சான்றும் இல்லை. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தேடும் ஹெச்.பி.வி. சோதனை இதைவிடவும் கூர்மையானது.

வாய்ப் புற்றுநோய்க்கும் அப்படியே. திருவனந்தபுரத்தில் டார்ச் வெளிச்சத்தில் வாயைப் பார்த்த ஆய்வில், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் மரணம் 34 சதவீதம் குறைந்தது. மாரடைப்பைப் பொறுத்தவரை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அளப்பதற்கு மாற்று கிடையாது. இதய ரத்தக் குழாய் அடைப்பை முழு உடல் எம்.ஆர்.ஐ. காட்டாது.

எம்.ஆர்.ஐ. ஜெயிக்கும் இடங்களும் உண்டு. சிறுநீரகம், கணையம், மூளை, எலும்பு. பொது மக்களுக்கு வழக்கமான சோதனை இல்லாத இந்த இடங்களில் சிறு கட்டியை அது முன்கூட்டியே காட்டக்கூடும். ஆனால் முன்கூட்டிக் கண்டதால் ஆயுள் கூடியதா என்பது வேறு கேள்வி. தென் கொரியாவில் தைராய்டை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது பரவியபின், 2011-ல் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 1993-ஐப் போல 15 மடங்கு ஆனது. மரண விகிதம் அசையவே இல்லை. அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

பொய் எச்சரிக்கையின் விலை

அறிகுறியற்ற 5,373 பேருக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்த 12 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ஓர் அலசல் வந்தது. அதன்படி சுமார் 32 சதவீதம் பேரிடம் முக்கியமான அல்லது என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று தென்பட்டது. பொய் எச்சரிக்கை சுமார் 16 சதவீதம். முதுகுவலியே இல்லாத 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கும். ரிப்போர்ட்டில் அதைப் படித்தபின் வலிக்க ஆரம்பிப்பவர்களும் உண்டு.

சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் ஒன்றரை சென்டிமீட்டர் கணு என்று வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். எம்.ஆர்.ஐ.யிலேயே கொழுப்பு தெளிவாகத் தெரிந்தால் தப்பித்தார். இல்லையென்றால் கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி.; அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டுக்குள் (சி.டி.யில் அடர்த்தியின் அலகு) இருந்தால் தீங்கற்றது. அதோடும் விடாது. இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் மாத்திரை விழுங்கி, மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தத்தில் அந்தச் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசாலைப் பார்க்க வேண்டும், டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அடர்த்தி கூடுதலாக இருந்தால் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் மிகுந்திருக்கிறதா என்று பார்க்கும் மெட்டாநெஃப்ரின் சோதனையும் சேரும். கடைசியில் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதற்கு வாரக்கணக்கில் அலைச்சல், செலவு, தூக்கமில்லாத இரவுகள்.

மற்றவை

முழு உடல் சி.டி.யைச் சோதனைக்காக எடுக்கவே கூடாது. கதிர்வீச்சு அதிகம், பலனுக்குச் சான்று இல்லை. பெட் சி.டி.யும் அப்படியே. நம் ஊரில் கூடுதலாக ஒரு காரணம்: காசநோய் நிணநீர் முடிச்சும் ஊசியில் ஏற்றிய சர்க்கரையை இழுத்துப் புற்றுநோய் போலவே ஒளிரும். பல புற்றுநோய்களைத் தேடும் கேலரி என்ற ரத்தச் சோதனையை 6,621 பேரிடம் பார்த்தபோது 92 பேருக்குப் புற்றுநோய் அடையாளம் காட்டியது. உண்மையில் இருந்தது 35 பேருக்கு. மாஸ்டர் செக்கப்பில் சேர்த்து விற்கும் சி.ஏ.-125, சி.இ.ஏ. என்ற புற்றுநோய்க் குறியீட்டு ரத்தச் சோதனைகள் இரண்டையும் விட்டுவிடுங்கள். முன்னது எண்டோமெட்ரியோசிஸிலும் (கருப்பை உட்சுவர்த் திசு வெளியே வளரும் நோய்) வயிற்றுக் காசநோயிலும் ஏறும். பின்னது புகைபிடித்தாலே ஏறும்.

யாருக்கு வேண்டும், எப்படி எடுக்க வேண்டும்

டி.பி.53 மரபணுப் பிழையால் பலவகைப் புற்றுநோய் வரக்கூடிய லி-ஃப்ராமெனி குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் முழு உடல் எம்.ஆர்.ஐ. அவசியம். டொரண்டோ முறைப்படி அதையும் மற்றச் சோதனைகளையும் தொடர்ந்து செய்தவர்களில், கட்டி கண்டபின் 5 ஆண்டு பிழைத்திருந்தவர் 88.8 சதவீதம்; செய்யாதவர்களில் 59.6. அட்ரினலிலும் நரம்பு முடிச்சுகளிலும் கட்டி வரச் செய்யும் எஸ்.டி.ஹெச். மரபணுப் பிழை உள்ளவர்களுக்கும் இது பயன்படும். மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பிழை உள்ளவருக்கு வேண்டியது கான்ட்ராஸ்ட்டோடு மார்பக எம்.ஆர்.ஐ.

இவ்வளவுக்குப் பிறகும் எடுப்பதென்று முடிவு செய்தவர் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: டிஃப்யூஷனும் ஏ.டி.சி.யும் உண்டா, டிஃப்யூஷன் படத்தின் கூர்மையைத் தீர்மானிக்கும் பி மதிப்பு 800-க்குக் குறையாமல் எடுக்கிறார்களா, கண்டதைச் சந்தேகத்தின் அளவுப்படி தரம் பிரிக்கும் ஆன்கோ-ராட்ஸ் முறைப்படி ரிப்போர்ட் தருவார்களா. பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட், மூளையில் கிளிப் இருந்தால் மாடல் விவரத்தோடு முன்பே சொல்ல வேண்டும். வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்து கண்ணில் இரும்புத் துகள் பட்டவருக்கு முதலில் கண்குழி எக்ஸ்-ரே. ஃபிலிமோடு நிற்காமல் டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவத்தில் கணினித் தட்டோ பென் டிரைவோ வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு கணு வளர்ந்ததா இல்லையா என்பதை மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிட அதுதான் உதவும்.