கொரங்காட்டுக்குச் செவக்காடா, கரிசக்காடா?

காங்கயம், வெள்ளகோயில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் மேட்டுக்காட்டை உழவிலிருந்து எடுத்துக் கொரங்காடாக, அதாவது உயிர்வேலி அடைத்த மேய்ச்சல் நிலமாக, விட நினைப்பவர்கள் பலருக்கு இரண்டு துண்டு நிலம் இருக்கும். ஒன்று சரளை கலந்த செவக்காடு, மற்றது பள்ளத்தை ஒட்டிய கரிசக்காடு. கரிசல் ஈரம் பிடிக்கும், புல் அதிகம் வரும் என்று பலர் அதையே மேய்ச்சலுக்கு விட்டுவிடுகிறார்கள். எங்கள் தேர்வு செவக்காடு. அதற்கான காரணங்களில் பெரியது ஒன்றுதான்.

முதலில் கையில் இருப்பது எந்த மண் என்று உறுதி செய்ய வேண்டும். மேல்நிறத்தை நம்பக் கூடாது. ஒரு மீட்டர் ஆழம், ஆள் இறங்கி நிற்கும் அகலம் என ஒரு குழி வெட்டி, வெயில் விழும் பக்கச் சுவரைக் கத்தியால் சீவிப் பாருங்கள். நல்ல செவக்காட்டில் மேல் 15 செ.மீ. மணல் கலந்து பொலபொலவென்று இருக்கும். அதற்குக் கீழே நிறம் அடர்ந்து, களி கூடி, கட்டிகளை உடைத்தால் முகப்பில் மெழுகு தடவியதுபோல ஒரு பளபளப்பு தெரியும். மேலிருந்து மழைநீர் கழுவி இறக்கிய களி அங்கே படிந்திருக்கிறது. அதற்கும் கீழே உதிர்ந்த பாறையும் சரளையும் வரும். வடிகால் நன்றாக இருப்பதற்கு அடையாளம், அந்த ஒரு மீட்டருக்குள் சாம்பல் நிறத் திட்டுகள் இல்லாமலிருப்பது. சாம்பல் திட்டு இருந்தால் மழைக்காலத்தில் அந்த ஆழத்தில் நீர் தேங்கி நிற்கிறது, மேலே எவ்வளவு சிவப்பாக இருந்தாலும்.

இந்தக் களிப்படிவுதான் வகைப்பாட்டின் திறவுகோல். அமெரிக்க மண் வகைப்பாட்டின்படி, களிப்படிவு உண்டு என்று ஏற்க, மேலடுக்கில் களி 15 முதல் 40 சதவீதம் இருந்தால் கீழடுக்கில் அதைப் போல் 1.2 மடங்காவது இருக்க வேண்டும். மேலே 15 சதவீதத்துக்கும் குறைவென்றால் கீழே 3 சதவீதப் புள்ளி கூடினால் போதும், 10 என்பது 13 ஆவது போல. அந்த அடுக்குக்குக் குறைந்தபட்சத் தடிமன் விதியும் உண்டு. இவற்றோடு காரச்சத்துச் செறிவும் (மண் பிடித்து வைத்திருக்கும் சுண்ணாம்பு, மக்னீசியம் போன்றவற்றின் பங்கு) போதுமானதாக இருந்தால் மண் ஆல்ஃபிசால் என்ற வகை. ஆண்டில் பல மாதம் காய்ந்து, மழைக்காலத்தில் மட்டும் ஈரமாகும் நம் நிலத்தில் அது உஸ்டால்ஃப் ஆகும். அதிலும் கருஞ்சிவப்பாக இருந்தால் ரோடுஸ்டால்ஃப். களிப்படிவு இல்லாமல் நிறமும் கட்டமைப்பும் மட்டும் மாறியிருந்தால் இன்செப்டிசால். 50 செ.மீ.க்குள் பாறை தட்டினால் பெயரோடு லித்திக் என்ற அடைமொழி சேரும். பக்கத்துப் பக்கத்துக் காடுகள் ஒரே சிவப்பாக இருந்தும் வெவ்வேறு வகையில் விழுவது இதனால்தான். மண் வரைபடங்களில் இருகூர், பழவிடுதி என்று ஊர்ப்பெயரில் வருபவை சிவப்பு மண் தொடர்கள், அதாவது ஒரே மாதிரி அடுக்குகள் கொண்ட மண் வகைகள். பெரியநாயக்கன்பாளையம் கரிசல் பக்கம்.

கரிசலை அடையாளம் காண்பது எளிது. கோடையில் ஆழமாக வெடிக்கும். குழியில் சாய்வாக வழுக்கிய பளபளப்பான முகங்கள் தெரியும். களி 30 சதவீதத்துக்கு மேல் இருந்து, வெடிப்பும் வழுக்குமுகமும் சேர்ந்தால் வெர்டிசால். நீர்த்த அமிலம் சொட்டினால் பெரும்பாலும் நுரைக்கும், பிஎச் 8-ஐத் தாண்டும்.

ஈரம் பிடிப்பதில் கரிசல் வெல்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் ஆழக் களிமண் செடிக்குக் கிடைக்கும் நீராக 200 மி.மீ. அளவு வைத்திருக்கும். 50 செ.மீ. ஆழமும் 30 சதவீதச் சரளையும் உள்ள செம்மண்ணில் கணக்குப் போட்டால் 45 மி.மீ. தேறுவதே பெரிது. சரளை இடத்தை அடைக்கிறதே தவிர நீரைப் பிடிப்பதில்லை. மண் பரிசோதனைக்கு எடுக்கும்போது 2 மி.மீ. சல்லடையில் நிற்கும் கல்லை எறிந்துவிட்டு மீதியை மட்டும் அனுப்புவதால், பரிசோதனை அட்டை நிலத்தின் சத்தைக் கூட்டிக் காட்டும். சரளை கொள்ளளவில் 35 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்களை அப்படியே நம்பி உரக் கணக்குப் போடக் கூடாது.

இவ்வளவு ஈரம் பிடிக்கும் மண்ணை விட்டுவிட்டுச் செவக்காட்டை ஏன் எடுக்க வேண்டும்? மழைக்குப் பிறகு மாடு எப்போது கால் வைக்கலாம் என்பதற்காக.

நல்ல மழைக்குப் பின் பெரிய துளைகளிலுள்ள நீர் வடிய, மணற்பாங்கான மண்ணுக்கு ஒரு நாள் போதும். களிமண்ணுக்கு இரண்டு மூன்று நாள். வித்தியாசம் இவ்வளவுதான் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல் வடிந்த பிறகுதான் தொடங்குகிறது. செவக்காட்டு மேல்மண் வடிந்து முடிக்கும்போதே உருட்டினால் உதிரும் பதத்துக்கு வந்துவிடும். கரிசல் வடிந்து முடித்த பிறகும் பிசைந்த மாவுப் பதத்திலேயே இருக்கும். அதற்கு மேல் அந்த ஈரத்தைக் குறைக்க வெயிலும் புல்வேரும்தான் உறிஞ்ச வேண்டும். நம் பக்கம் பெரும்பங்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. வானம் மூடியிருக்கும் அந்த நாட்களில் ஒரு வாரம் கழிந்தும் கரிசல் பதத்துக்கு வராமல் அடுத்த மழை வந்துவிடும்.

மாவுப் பதத்தில் மாடு இறங்கினால் குளம்பு புதைந்து, கொரங்காட்டின் முக்கிய மேய்ச்சல் புல்லான கொழுக்கட்டைப்புல்லின் தூர் பக்கவாட்டில் கிழியும். குளம்புக் குழியில் நீர் தேங்கும். கொழுக்கட்டைப்புல் வறட்சியைத் தாங்கும், நின்ற நீரைத் தாங்காது. அந்த இடத்தில் கோரையும் ஆடு தொடாத களையும் ஏறும். செம்மறிக்குக் குளம்பழுகல் வருவதும் இந்தச் சேற்றில்தான். நீர் தேங்கும் பள்ளத்தில் நத்தை இருந்தால் ஈரல் தட்டைப்புழுவும் சேரும்.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். 10 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் நூல்போல உருட்டுங்கள். 3 மி.மீ. தடிமன்வரை ஒடியாமல் நூலாக நீண்டால் படலை (வேலிக் கதவை) திறக்காதீர்கள். ஒடிந்து உதிர்ந்தால் உருப்படிகளை விடலாம். முதல் மழைக்குப் பிறகு புல் துளிர்த்து விதை கட்டும்வரை காட்டை அடைத்து வைப்பது எந்த மண்ணுக்கும் பொது. அந்த அடைப்பு முடிந்த பிறகு, செவக்காட்டில் திறக்கும் நாளை நீங்கள் குறிப்பீர்கள், கரிசலில் மழை குறிக்கும்.

ஆனால் செவக்காட்டுக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரிசலில் மிதித்த இறுக்கம் அடுத்த கோடையில் மண் வெடிக்கும்போது ஓரளவு தானே தளரும். செம்மண் சுருங்கி விரிவதில்லை. ஈரத்தில் ஒருமுறை இறுகினால் அது இறுகியதுதான். புல் மூடாத இடத்தில் மழைத்துளி மேல்மண்ணைக் கலக்கி, காய்ந்ததும் ஓடு கட்டிவிடும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் ஓடும், மேல்மண்ணையும் கொண்டுபோகும். மேல் 15 செ.மீ. போய்விட்டால் களி அடுக்கு வெளியே வந்து, நிலம் சிமெண்ட் தரைபோல ஆகும். அதனால் புல்லைத் தரைமட்டம்வரை மேயவிடாமல் நான்கு விரல் உயரம் நிறுத்துங்கள். ஓடு கட்டிய திட்டில் பட்டி அடைத்து எருவும் மூத்திரமும் இறக்கி, மழைக்கு முன் சரிவுக்குக் குறுக்கே ஒரே சால் மேலோட்டமாக ஓட்டி விதை தூவுங்கள். கொழுக்கட்டைப்புல் விதை ஏக்கருக்கு 3 கிலோ போதும். உருவிய உடனே போட்டால் முளைப்பு குறையும், ஆறு மாதமாவது ஆற வேண்டும். ஒரு செ.மீ.க்கு மேல் புதைந்தால் மேலே வராது. கரிமச்சத்து குறைந்த மண் என்பதால் நரிப்பயறு, முயல் மசால் போன்ற பயறுவகையைச் சேர்த்தால்தான் தழைச்சத்து நிற்கும். முயல் மசால் சுண்ணாம்பு மண்ணில் திணறும், செம்மண்ணில் நன்றாக வரும்.

உயிர்வேலியிலும் செவக்காடே தேவலை. வேலிக்கு நடும் கிளுவைப் போத்து (கிளைத்துண்டு) வடிகால் உள்ள சரளையில் வேர் பிடிக்கும். கரிசலில் அடி அழுகும், தப்பியது கோடை வெடிப்பில் அசையும். வெள்வேல் மரத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன், இரண்டிலும் நன்றாக நிற்பதைப் பார்க்கலாம்.

சுக்கான்கல் (சுண்ணாம்புக்கல்) மேடு வைத்திருப்பவர்கள் கடப்பாரையால் குத்திப் பார்க்க வேண்டும். சுக்கான் உருண்டையாகச் சிதறிக் கிடந்தால் செவக்காடுபோலவே நடத்தலாம், மணிச்சத்தும் துத்தநாகமும் கட்டுண்டு கிடக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தகடாகப் படிந்திருந்தால் வேரும் நீரும் அதோடு நின்றுவிடும்.

கரிசலைச் சோளத்துக்கும் கொண்டைக்கடலைக்கும் விட்டுவிடலாம். பருவத்துக்கு 200 மி.மீ. சேமிப்பு என்பது தானியம் எடுக்கும் வளம், சோளத்தட்டு கோடையில் கொரங்காட்டு மாடுகளுக்கே வந்து சேரும். ஒரே காட்டில் இரண்டு மண்ணும் கலந்திருந்தால் வேலியைச் சர்வே எல்லைப்படி போடாமல், குழி வெட்டிப் பார்த்த மண் எல்லைப்படி போடுங்கள். படலும் தண்ணீர்த் தொட்டியும் சிவப்புப் பக்கம் இருக்கட்டும்.