பள்ளிவாசலில் பாகப்பிரிவினை: கணக்கு சுத்தம், காத்திருப்புதான் கஷ்டம்

வாப்பா மௌத்தான (இறந்த) பிறகு வீட்டையும் கடையையும் பிரிப்பதில் காக்காவுக்கும் (அண்ணன்) எங்களுக்கும் பேச்சு முற்றிவிட்டது. வக்கீலிடம் போவதற்கு முன் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்தைப் பார்ப்போம் என்றார் உம்மா. கட்டணம் எதுவும் கிடையாது. நாங்கள் நீட்டிய கவரைக்கூட உண்டியலில் போடச் சொல்லிவிட்டார்.

மதரஸா அறையில் உட்கார வைத்தார். பங்குப் பேச்சையே எடுக்கவில்லை. "கடன் எவ்வளவு இருக்கு? உம்மாவுக்கு மஹர் கொடுத்தாச்சா?" என்றுதான் ஆரம்பித்தார். கொடுக்கவில்லை. மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மணக்கொடை; அதுவும் கடன்தானாம், அதை அடைத்த பிறகுதான் பங்கு. அப்புறம் பிள்ளைகளின் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினார். மொத்தம் 32 பங்கு. எட்டில் ஒன்று உம்மாவுக்கு, அதாவது 4. காக்காவுக்கு 14. லாத்தாவுக்கு (அக்கா) 7, எனக்கு 7. குர்ஆனின் அந்நிஸா சூராவின் (அத்தியாயம்) 11, 12-ஆம் வசனங்களை ஓதி, எந்த எண் எங்கிருந்து வந்தது என்று விளக்கினார்.

இவர்களுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாச்சே என்று காக்கா இழுத்தார். "அது வாப்பா உயிரோட இருக்கும்போது கொடுத்தது தம்பி, பங்குல கழிக்க முடியாது." காக்கா அதோடு அடங்கினார். பெண்ணுக்கு ஏன் பாதி என்று நான் கேட்டேன். குடும்பச் செலவு ஆணின் பொறுப்பு என்றார். எங்கள் வீட்டில் செலவு செய்வது நான்தான் என்றேன். கோபப்படாமல் கேட்டுக்கொண்டார். பதில் எனக்கு முழுசாக ஒப்பவில்லை, அது வேறு விஷயம்.

குறை என்னவென்றால் கூட்டம். எங்கள் பேச்சுக்கு நடுவே ஒரு தலாக் விவகாரம், ஒரு நிக்காஹ் பதிவு, வாசலில் பைக் நிறுத்திய சண்டை, எல்லாம் அவரிடமே வந்தன. ஐந்து வேளையும் தொழவைத்து, காலையில் மக்தபும் (பிள்ளைகளின் குர்ஆன் வகுப்பு) நடத்தி, வெள்ளிக்கிழமை பயானும் (சொற்பொழிவு) செய்கிற மனிதருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பைக் சண்டைக்கெல்லாம் பள்ளிவாசல் கமிட்டியில் விவரமான இரண்டு பேர் போதாதா?

இன்னொன்று: இது கோர்ட் தீர்ப்பு ஆகாது. ஃபத்வாவுக்கு (ஆலிம் சொல்லும் மார்க்கக் கருத்து) சட்ட பலம் இல்லை என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவரே, "நான் சொல்றது மார்க்கம், பத்திரத்தை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போட்டுக்குங்க" என்றுதான் அனுப்பினார்.

மூலப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ், கடன் விவரம் எல்லாம் கையோடு கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். குறைத்த ஒன்று கமிட்டிக்கு.