உடைந்தால் யார் ஒட்டுவது? பறக்கும் பாடத்துக்கு பலூனா, கிட்டா, பட்டமா

எட்டாம் வகுப்புக்கு 'மனிதன் பறந்த கதை'யை ஒரு மாதம் செய்முறையாக நடத்தலாம் என்று போன ஆடியில் முடிவெடுத்தேன். பிள்ளைகள் 40 பேர், கையில் 3000 ரூபாய். காகித பலூன், கடையில் பாகங்களாக விற்கும் விமான பொம்மை கிட், பட்டம் என்று மூன்று வழி தெரிந்தது. மூன்றையும் செய்து பார்த்துக் கடைசியில் பட்டத்தில் வந்து நின்றேன். ஆகவே இந்த அலசல் பட்டத்தின் பக்கம்தான் சாயும், முன்பே சொல்லிவிடுகிறேன். வீடியோ போட்டுக் காட்டுவதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. மணி அடித்ததும் மறந்துபோகும்.

வகுப்பைத் தொடங்க ஊர்க்கதை ஒன்று வசமாகக் கிடைத்தது. வள்ளல் அழகப்பர் என்றால் இங்கே பிள்ளைகளுக்குக் கல்லூரி வைத்தவர், அவ்வளவுதான். அவர் லண்டனில் விமானம் ஓட்டக் கற்றவர், ஜுபிடர் ஏர்வேஸ் என்று விமான நிறுவனமே வைத்திருந்தவர் என்றதும் பின் வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. மெட்ராஸில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் 1910-லேயே பல்லாவரத்தில் தன் விமானத்தைப் பறக்கவிட்டதையும் சொன்னேன். அப்புறம் வேலைக்கு வந்தோம்.

முதலில் பலூன். வரலாற்று வரிசைப்படி அதுதான் முதலில் வர வேண்டும். 1783-இல் பிரான்ஸில் காகித ஆலைக் குடும்பத்து மொங்கோல்ஃபியே சகோதரர்கள் துணியும் காகிதமும் சேர்த்துப் பை செய்து, கீழே நெருப்பு மூட்டி மேலே அனுப்பினார்கள். செப்டம்பரில் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் ஏறின. நவம்பர் 21-ஆம் தேதி இரண்டு மனிதர்கள் பாரிஸ் மேல் பறந்தார்கள். தூக்குவது சூடான காற்று என்று அவர்களுக்கே தெரியாது, புகையில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்தார்கள். இந்த இடம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது.

காற்று அசையாத இடம் வேண்டும் என்பதால் பள்ளிக்குப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தைக் கேட்டேன். "நெருப்பு மட்டும் வேணாம் ஆத்தா, மத்தது என்ன வேணாலும் செய்ங்க" என்றார்கள். அதனால் முடி உலர்த்தும் டிரையர். டிஷ்யூ தாளை ஒட்டி ஏறக்குறைய ஒரு கனமீட்டர் கொள்ளும் பை செய்தோம், எடை 95 கிராம். காலை எட்டு மணிக்குத் தேக்குத் தூணின் உச்சிவரை அழகாக எழுந்தது. பதினொரு மணிக்கு, அதே பை, அதே டிரையர், எழவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். உள்ளே 60 டிகிரி, வெளியே 28 டிகிரி என்றால் ஒரு கனமீட்டர் சுமார் 110 கிராம் தூக்கும். வெளியே 37 டிகிரி ஆகிவிட்டால் 80 கிராம்தான். தூக்குவது சூடு அல்ல, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் என்பதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, நம் ஊர் வெயிலே சொல்லிவிட்டது. ஆனால் மறுநாள் தாழ்வாரத்து ஓட்டில் உரசிக் கிழிந்தது. ஒட்டுப்போட்டால் எடை கூடுகிறது, எடை கூடினால் எழுவதில்லை. கதை அங்கேயே முடிந்தது. பலூனை நான் ஒரே ஒருமுறைதான் செய்திருக்கிறேன், கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட நன்றாக வரலாம்.

அடுத்தது கிட். பால்சா மர இறக்கை, பிளாஸ்டிக் விசிறி, முறுக்கிவிட ரப்பர். ஒன்று 350 ரூபாய், ஐந்து பேருக்கு ஒன்றாக எட்டு வாங்கினேன். பணம் ஏறக்குறைய எல்லாம் அதில் போய்விட்டது. முதல் நாள் பறந்ததைப் பார்க்க வேண்டுமே! பட்டம் முதல் நாள் கொடுக்காத சந்தோஷத்தை அது கொடுத்தது, அதை மறைக்க மாட்டேன். இரண்டாம் நாள் விசிறியைப் பிடிக்கும் கொண்டி இரண்டில் உடைந்தது. தனியாக விற்பதில்லை. தெர்மோகோல் வால் ஒன்று முறிந்ததும் ஒரு பையன் நல்லெண்ணத்தில் ஃபெவிபாண்ட் தடவினான். கண்ணெதிரே வால் உருகிக் குழியானது. வெயிலில் ரப்பர் பிசுபிசுத்தது. மூன்றாம் நாள் எட்டில் ஐந்து பீரோவுக்குள். அதைவிட, ஒன்று உடைந்தவுடன் மற்ற குழுக்களில் பெரிய பையன்கள் கிட்டைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள், "நீ உடைச்சிருவ" என்று. சின்னதுகள் தொடவே இல்லை.

கூடவே வந்த தாளில், இறக்கையின் மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் பின்பக்கம் ஒரே நேரத்தில் சேர வேண்டும், அதனால்தான் மேல்காற்று வேகமாக ஓடுகிறது என்று வேறு போட்டிருந்தது. அது தவறு. அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை; மேல்காற்று முந்தியே போய்விடுகிறது. இறக்கை காற்றைக் கீழே திருப்பித் தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது என்று தொடங்குவதே எட்டாம் வகுப்புக்குப் போதும்.

இப்போது பட்டம். செலவு, கிடைப்பது எளிது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன், தெரிந்ததுதான். பழைய செய்தித்தாள், ஈர்க்குச்சி, மைதாப் பசை, பருத்தி நூல், வாலுக்குக் கிழிந்த சேலைக் கரை. மாஞ்சா கிடையாது, மின்கம்பி இருக்கும் பக்கம் போவது கிடையாது. ஊருணிக்கு மேற்கே இருக்கும் பொட்டல்தான் எங்கள் மைதானம்.

நான் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான்: உடைந்தால் பிள்ளையே சரிசெய்ய முடியுமா? பட்டம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழுகிறது. பசைக் கிண்ணம் பக்கத்திலேயே இருக்கிறது. குச்சி ஒடிந்தால் தென்னை ஓலையிலிருந்து இன்னொன்று. ஒட்டி முடித்த பட்டம் பழையபடி பறக்காது, ஒட்டிய பக்கம் சாயும். ஏன் சாய்கிறது என்று கேட்க வேண்டிய இடம் அதுதான், ஆனால் நான் கேட்பதற்கு முன்பே அதுகள் கேட்டுவிடும். ஒரு பெண் தன் பட்டம் இடப்பக்கமாகவே குத்துகிறது என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டினாள். பட்டத்தோடு நூல் சேரும் சூத்திர முடிச்சை விரற்கடை மேலே ஏற்றினாள், அப்போதும் குத்தியது. வாலை நீட்டினாள், கொஞ்சம் நின்றது. கடைசியில் வலப்பக்க முனையில் ஒரு துண்டுத் தாளை ஒட்டினாள். "டீச்சர், ஒட்டுப்போட்ட பக்கம் கனம் டீச்சர், அதான் எதிர்ப்பக்கமும் போட்டேன்." எடைச் சமநிலை என்ற தலைப்பில் நான் நடத்த வைத்திருந்த பாடம் அதோடு முடிந்தது.

வரலாறும் இந்த வழியாகவே உள்ளே வந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி 1804-இல் ஒரு கம்பின் மேல் பட்டத்தையே இறக்கையாகக் கட்டிக் கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாமல் மிதக்கும் விமானம், செய்தார். ரைட் சகோதரர்கள் சின்ன வயதில் அப்பா வாங்கிவந்த, ரப்பரை முறுக்கிவிட்டால் பறக்கும் பொம்மையை விளையாடி விளையாடி உடைத்தார்கள், அப்புறம் அதைப் பார்த்துத் தாங்களே செய்துகொண்டார்கள். இறக்கையை முறுக்கித் திருப்பும் யோசனையை வில்பர் 1899-இல் முதலில் சோதித்தது ஐந்தடிப் பட்டத்தில்தான். 1900-இல் செய்த கிளைடரையும் பெரும்பாலும் கயிறு கட்டிப் பட்டமாகவே விட்டார்கள். 1903 டிசம்பர் 14-ஆம் தேதி எஞ்சின் வைத்த விமானத்தில் வில்பர் ஏறினார், மூன்றரை விநாடியில் மணலில் குத்தியது. ரிப்பேர் பார்த்து 17-ஆம் தேதி ஆர்வில் ஏறினார்: 12 விநாடி, 120 அடி. சைக்கிள் கடைக்காரர்கள் இல்லையா, பஞ்சர் ஒட்டிய கை!

அந்த 120 அடியைப் பொட்டலில் டேப் வைத்து அளந்து கோடு போட்டோம். ஏழாவது ஆளாக ஓடிய ஒல்லிப்பையன் 7 விநாடியில் கடந்தான். "விமானத்தை நான் ஜெயிச்சுட்டேன்" என்று ஒரே கூத்து. ஆர்வில் பறந்த அன்று எதிர்க்காற்று மணிக்கு 40 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் அடித்தது, தரையைப் பார்த்தால் மெதுவாகத் தெரிந்ததே தவிர காற்றைக் கிழித்த வேகம் வேறு என்று விளக்க அதுவே தோதாகப் போயிற்று.

பட்டத்துக்கும் குறை உண்டு. அதை நூல் பிடித்திருக்கிறது; தானாக மிதப்பது எப்படி என்று அதில் காட்ட முடியாது. அதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் கிளைடர் வெட்டினோம், மூக்கில் ஒரு ஜெம் கிளிப். நம் பக்கத்துப் பத்திரிகைகளின் கனத்துக்கு இதற்குப் பஞ்சமில்லை. வில்பர் செய்ததுபோல் இறக்கையை முறுக்கினால் திரும்புவது சில அட்டைகளில் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அதை இன்னும் நான் சரியாகப் பிடிக்கவில்லை. காற்று இல்லாத மாதத்தில் பட்டத்தை நம்ப முடியாது. நான் பார்த்தது ஒரே ஓர் ஆடிதான், மாசி, பங்குனியில் என்ன ஆகும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கிட் வேண்டவே வேண்டாமா என்று சக ஆசிரியர் கேட்டார். ஒன்றே ஒன்று வாங்குங்கள், முதல் நாள் காட்டுவதற்கு. மீதிப் பணத்துக்கு நூல்கண்டு வாங்கி வையுங்கள், எங்களுக்கு இரண்டாம் நாள் மத்தியானமே தீர்ந்துவிட்டது.