சூடேறின எஞ்சினும் 950 ரூபாய் குழாய்க் கேமராவும்

எஞ்சினுக்குள் விட்டுப் பார்க்கிற குழாய்க் கேமரா 950 ரூபாய், சிலிண்டருக்குள் காற்றழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று காட்டுகிற கம்ப்ரஷன் கேஜ் 780 ரூபாய். ரெண்டையும் போனில் ஆர்டர் போட்டது என் அக்கா மகன். நாலாம் நாள் தூத்துக்குடி திரேஸ்புரம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பெட்டியில் இருந்த கம்பெனிப் பெயரை என்னால் வாசிக்க முடியவில்லை. அதே சாமானைப் பத்துப் பெயரில் விற்கிறார்கள், எதை வாங்கினாலும் ஒன்றுதான். படகு எஞ்சினுக்கு இது ஆகுமா என்று தேடினேன். கார்க்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், கடலுக்குப் போகிறவன் எழுதினது என் கண்ணில் படவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது 9.9 எச்.பி. அவுட்போர்டு, படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற எஞ்சின். டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிறது. மாசம் மே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். எங்களைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்களுக்கு மீனுக்கு விலை நிற்கிற 61 நாள் அதுதான். அந்த நாளில் எஞ்சினைக் கழற்றிக் கரையில் போட யாருக்கு மனசு வரும்? எஞ்சினுக்குப் பின்னால் பீய்ச்சுகிற தண்ணீர் ஒரு வாரமாகவே நூல் மாதிரி மெலிந்துதான் வந்தது. பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வான் தீவுக்கு வெளியே வலையை இழுத்துவிட்டுத் திரும்பும்போது பெயின்ட் கருகுகிற வாடை. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இழுவை குறைந்தது. ரெண்டு நிமிஷத்தில் அதுவாகவே நின்றுபோச்சு. மூடியைத் தூக்கினால் அனல் முகத்தில் அடிக்கிறது. கூட வந்த பையன் வாளியில் கடல் தண்ணீரைக் கோரிவிட்டான். “ஊத்தாதலே!” என்று நான் போட்ட சத்தத்தில் வாளியே கடலில் விழுந்தது. பழுக்கக் காய்ந்த அலுமினியத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் சிலிண்டரை மேலே மூடுகிற ஹெட் கோணும், இல்லையென்றால் விரிசல் விடும். வாளி போனால் போகட்டும்.

எஞ்சினைச் சாய்த்துத் தூக்கினால், கீழே தண்ணீர் உறிஞ்சுகிற சல்லடையைப் பால் கவர் மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடியிருந்தது. ஆறினபிறகு கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். சுற்றியது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளவில்லை என்று கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் ஸ்டார்ட் பண்ணவில்லை. வேறொரு வள்ளம் கட்டி இழுத்து வந்தது.

கரைக்கு வந்ததும் டவுனில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். எஞ்சினைக் கண்ணால் பார்க்காமலே, “பவர்ஹெட் போயிருக்கும், முப்பதாயிரம் ரெடி பண்ணிட்டு வாங்க” என்றார்கள். பவர்ஹெட் என்றால் சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் இருக்கிற எஞ்சினின் மேல் பாகம். எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி மகள் பிரசவத்துக்காக நாகர்கோவில் போயிருந்தார். அவர் போனில் சொன்னது: “நான் வர்ற வரைக்கும் கிளப்பாத. பிளக்கைக் கழத்திக் காத்து எவ்வளவு நிக்குதுன்னு மட்டும் பாரு.” அவர் வர எட்டு நாளாகும். அந்த எட்டு நாளைக்காகத்தான் இந்தச் சாமான்கள்.

கேஜ் உருப்படியான சாமான். 14 எம்.எம். பிளக் ஓட்டைக்கான அடாப்டர் பெட்டியிலேயே இருக்கிறது, கையால் திருகினால் போதும். ரெண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர் ரெண்டையும் எர்த்தில் பிடித்துவைத்து, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்துவிட்டு, கயிற்றை ஐந்தாறு தடவை ஓங்கி இழுக்க வேண்டும். வயரை எர்த் பண்ணாமல் இழுத்தால் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற சி.டி.ஐ. யூனிட் போகலாம். பொறி பறந்து பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளவும் கூடும். மேல் சிலிண்டர் 98 பி.எஸ்.ஐ., கீழ் சிலிண்டர் 104 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டியது. ரெண்டுக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கவலைப்படு என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. எனக்கு ஆறுதான் வித்தியாசம். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். தண்ணீர் ஏற்றுகிற பம்பின் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரை மட்டும் மாற்றிவிட்டு, அண்ணாச்சிக்குச் சொல்லாமல் கடலுக்குப் போய்விடுவது என்று முடிவே பண்ணியாச்சு.

ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்காமல் விட்டேன். மேல் பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, அதன்மேல் மினுமினுவென்று பொடி. உப்பு என்று நினைத்து வேட்டி முனையில் துடைத்துவிட்டேன். அது உப்பில்லை, பிஸ்டன்.

இனி கேமரா. டைப் சி கேபிளில் போனோடு சேர்வது, தலை 5.5 எம்.எம். தடிமன், பிளக் ஓட்டைக்குள் தாராளமாகப் போகிறது. ஆப் ஒன்றை இறக்கச் சொல்கிறது. விளம்பரம் வருகிறது, போனில் இருக்கிற அத்தனைக்கும் அனுமதி கேட்கிறது. பழைய போன் ஒன்று இருந்தால் அதில் போட்டுக்கொள்ளுங்கள். கேமரா நேரே முன்னால் மட்டும்தான் பார்க்கும். அதாவது பிஸ்டன் தலை தெரியும், சிலிண்டர் சுவர் தெரியாது. சுவரைப் பார்க்க 45 டிகிரியில் ஒரு குட்டிக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள், கிளிப் மாதிரி தலையில் மாட்டுகிறது. இந்தக் கிளிப்பைக் கண்டுபிடித்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ரெண்டாவது தடவை வெளியே இழுக்கும்போது ஓட்டை விளிம்பில் தட்டிக் கழன்று தொங்கியது. உள்ளே விழுந்திருந்தால் சூடேறினதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே ஹெட்டைக் கழற்றியிருக்க வேண்டும். கூடவே தருகிற காந்தம் கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் ஒட்டாது. வலை பின்னுகிற நைலான் நூலால் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டபிறகுதான் திரும்ப உள்ளே விட்டேன். வாங்குகிறவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

இன்னொரு குறை, ரொம்ப நெருங்கினால் படம் மங்கிப்போகிறது. மூன்று நாலு சென்டிமீட்டர் தள்ளி இருந்தால்தான் தெளிவு. சின்ன எஞ்சின் சிலிண்டருக்குள் அவ்வளவு தள்ளி எங்கே போவது? பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்து, கேபிளை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திருப்பிப் பார்க்க வேண்டும். எல்.இ.டி. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்காவிட்டால் எண்ணெய்ப் பசையில் எதிரொளித்து ஒன்றும் தெரியாது.

கீழ் சிலிண்டரில், தயாரிப்பில் ஹோனிங் பண்ணின, அதாவது கல்லால் தேய்த்துவிட்ட, குறுக்குக் கோடுகள் வலைக்கண்ணி மாதிரி இன்னும் அப்படியே இருந்தன. மேல் சிலிண்டரில், புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் துளைக்குப் பக்கத்தில், மேலிருந்து கீழாக நாலைந்து வெள்ளிக் கோடு. போனில் பார்க்க ஒவ்வொன்றும் விரல் தடிமன். தூங்கின தூக்கமெல்லாம் போச்சு.

அண்ணாச்சி வந்ததும் வீடியோவைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “என்னலே இது, ஸ்ரீவைகுண்டம் வடகால் வாய்க்கால் மாதிரி இருக்கு?” இந்தக் கேமரா எல்லாவற்றையும் ஊதிக் காட்டும், கீறலின் ஆழத்தை அதை வைத்து அளக்க முடியாது. ஆனால் சிரித்துவிட்டு அவரும் ஹெட்டைக் கழற்றத்தான் ஆரம்பித்தார். சூடு கண்ட எஞ்சினில் மேல் சிலிண்டர்தான் முதலில் அடி வாங்கும் என்றார். தண்ணீர் கீழேயிருந்து ஏறுகிறது, பற்றாமல் போனால் ஆவி மேலேதான் சேரும். எக்ஸாஸ்ட் பக்கம்தான் சூடு அதிகம், பிஸ்டன் அங்கேதான் ஊதிப்போய்ச் சுவரில் தேய்க்கும். கேஜில் காற்று நின்றது பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் இன்னும் பிடித்துக்கொண்டிருந்ததால். சுவரில் இழுத்துவிட்ட அலுமினியத்தைக் கேஜ் காட்டாது. அப்படியே நான் கடலுக்குப் போயிருந்தால், அந்த அலுமினியத்தில் ரிங் மாட்டி உடைந்து, டவுன் கடைக்காரர் சொன்ன முப்பதாயிரம் உண்மையாகியிருக்கும்.

ஹெட் வந்ததும் கட்டைவிரல் நகத்தை அந்தக் கோடுகளின் குறுக்கே மெதுவாக இழுத்தார். ஒரு தடவை, ரெண்டு தடவை. “மாட்டல” என்றார். நகம் மாட்டியிருந்தால் சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். மாட்டாததால் ஒட்டியிருந்த அலுமினியத்தை எடுத்துவிட்டு, லேசாக ஹோன் பண்ணி, ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்றார். ஹெட்டைக் கவிழ்த்து இரும்பு ஸ்கேலை மூலைக்கு மூலை நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தார். 0.05 எம்.எம். இதழ் நுழைந்தது, 0.10 நுழையவில்லை. தப்பித்தோம். தடிமனான கண்ணாடிப் பலகை மேல் 400ஆம் நம்பர் எமரித் தாளை விரித்து, எண்ணெய் விட்டு, எட்டுப் போடுகிற மாதிரி ஹெட்டைத் தேய்த்து மட்டம் பண்ணினார். எல்லா இடமும் ஒரே சாம்பல் நிறம் ஆகிறவரை விடவில்லை. கேஸ்கெட் புதுசு.

கேமரா காசுக்குப் பதில் சொன்னது அதற்கப்புறம்தான். கீழே பம்பைத் திறந்தால் இம்பெல்லரின் ஆறு ரப்பர் இதழில் ரெண்டைக் காணோம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் ரப்பர் அதிக நேரம் தாங்காது. ஒரு துண்டு பம்புக்குள்ளேயே கிடந்தது. இன்னொன்று இல்லை. “அது கிடைக்காம நான் மூட மாட்டேன்” என்று அண்ணாச்சி பீடியைப் பற்றவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் பிடிவாதம் நியாயம்தான். அந்தத் துண்டு தண்ணீர்ப் பாதையில் எங்கேயாவது அடைத்திருந்தால் புது இம்பெல்லர் போட்டும் அடுத்த வாரம் இதே கதை. கம்பி விட்டார், காற்றடித்தார், வரவில்லை. நான் அந்தக் குட்டிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேமராவைத் தண்ணீர் ஏறுகிற குழாய்க்குள் விட்டேன். மேல் முனையில், பவர்ஹெட்டுக்குள் நுழைகிற வளைவில் கறுப்பாக அது உட்கார்ந்திருந்தது. பெட்டியோடு வந்த கொக்கியால் இழுத்ததும் வந்துவிட்டது. அண்ணாச்சி அப்போதுதான் கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சூடு ஏறினால் தண்ணீருக்கு வழி திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டையும் விடவில்லை. நூலில் கட்டிச் சட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தோம். கை பொறுக்காத சூட்டுக்கு வந்தும் வாய் திறக்கவில்லை, கொதித்தபிறகு அரை மனசாகத் திறந்தது. முழுக்க உப்பு. எஞ்சின் சூடேறினதற்கு இதுவும் ஒரு காரணம், பிளாஸ்டிக் வந்து முடித்துவைத்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டே வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டு என்று கரையில் ரெண்டு பேர் யோசனை சொன்னார்கள். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. பெட்ரோலுக்காவது பரவாயில்லை, எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் மண்ணெண்ணெய் சரியாக எரியாது, பிளக்கில் கரி பிடித்து நடுக்கடலில் நிற்பாய் என்றார். புதுசுதான் போட்டோம். சட்டியைப் பற்றி வீட்டில் என்ன பேச்சு வாங்கினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

ரிங், கேஸ்கெட், இம்பெல்லர், தெர்மோஸ்டாட், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம். அதோடு இந்த 1,730 ரூபாய். தடைக்காலத்தில் பதினோரு நாள் கரையில் கிடந்தது தனிக் கணக்கு.

கேஜுக்கு ஐந்துக்கு நாலு. அண்ணாச்சியின் பழைய கேஜைவிட எட்டுக் குறைத்துக் காட்டுகிறது. ஆனால் ரெண்டு சிலிண்டரிலும் அதே எட்டுதான் குறைகிறது, ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். விசைப்படகு டீசல் எஞ்சினில் இதை மாட்டாதீர்கள். 300 வரைதான் இதில் கோடு இருக்கிறது, டீசலின் அழுத்தம் அதைத் தாண்டும். கேமராவுக்கு மூன்றரை. அந்தக் கிளிப் இல்லாவிட்டால் நாலரை.

எஞ்சின் இப்போது ஆறு வாரமாக ஓடுகிறது. பின்னால் தண்ணீர் பென்சில் தடிமனில் அடிக்கிறது, மேல் பிளக் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருக்கிறது. சிலிண்டருக்குள் இன்னொரு தடவை பார்த்து இதோடு படம் போடலாம் என்றிருந்தேன். கேமரா அண்ணாச்சியிடம் இருக்கிறது. “நாளைக்குத் தாரேன்” என்று சொல்லி இருபது நாள் ஆகிறது.