தோட்டத்து மோட்டாருக்கு எந்த ரேடியோ மாட்யூல்?

தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துத் தோட்டத்து மோட்டாரைக் கம்பியில்லாமல் ஓட்டவோ நிறுத்தவோ, ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையோடு இணைக்க ரேடியோ மாட்யூல் (ரேடியோ அலையில் தகவலை அனுப்பிப் பெறும் பாகம்) தேடினால், விற்பவர்கள் முதலில் சொல்வது தூரத்தைத்தான். 100 மீட்டர், 1 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர். அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வெட்டவெளியில், இரண்டு ஆன்டெனாக்களும் நேருக்கு நேர் தெரியும்போது கிடைக்கும் தூரம் அது. குறுக்கே இரண்டு கான்கிரீட் சுவரோ ஒரு தென்னந்தோப்போ வந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். மின்சாரம் எவ்வளவு கேட்கும், எவ்வளவு தகவல் அனுப்பப் போகிறோம், அந்த அலைவரிசைக்கு நமக்கு அனுமதி உண்டா என்பதையெல்லாம்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் என்றால் என் தேர்வு என்ஆர்எஃப்24எல்01+ என்ற மாட்யூல். 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும், ஒரு தடவைக்கு 32 பைட் வரை அனுப்பும். போய்ச் சேர்ந்ததா என்று சிப்பே விசாரித்து, பதில் வராவிட்டால் தானாகவே திரும்ப அனுப்பும். இந்த விலையில் இது பெரிய வசதி. "வேலையே செய்யவில்லை" என்று இதைத் தூக்கிப் போடுபவர்கள் பெரும்பாலும் பார்க்கத் தவறுவது மின்சாரத்தை. மாட்யூலின் விசிசி (மின்சாரம் உள்ளே வரும் கால்), கிரவுண்ட் (அது திரும்பும் கால்) இரண்டிலேயே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை (மின்னூட்டத்தைச் சேமித்துத் தரும் பாகம்) பற்றவைத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நீள ஆன்டெனா வைத்த பெரிய வகை அனுப்பும்போது 115 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையின் 3.3 வோல்ட் பின் தருவதோ 50 மில்லி ஆம்பியர்தான். அதற்குத் தனி ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகம்) கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று: வைஃபை இடைஞ்சலைத் தவிர்க்கச் சேனலை 108 என்று வைக்கச் சொல்லும் நிரல்கள் நிறைய உண்டு. அது 2508 மெகாஹெர்ட்ஸ். உரிமம் தேவைப்படாத அலைவரிசைப் பட்டை 2483.5-இலேயே முடிந்துவிடுகிறது. 76-இல் வைத்தால் வைஃபையின் 11-ஆம் சேனலுக்குச் சற்று மேலே, பட்டைக்கு உள்ளேயே இருக்கலாம்.

எச்.சி.-12 என்ற மாட்யூல் இருப்பதிலேயே சுலபம். சீரியல் போர்ட்டில் (பலகையிலிருந்து தகவல் வரிசையாக வெளியேறும் இணைப்பு) எழுதினால் அடுத்த முனையில் அப்படியே வரும், 5 வோல்ட்டும் தாங்கும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதல் நாளே பலன் தெரியும். ஆனால் முகவரி கிடையாது, போய்ச் சேர்ந்ததா என்ற பதிலும் கிடையாது. அவற்றை நாம்தான் நிரலில் எழுதிக்கொள்ள வேண்டும். அதன் 100 சேனல்கள் 433.4-இலிருந்து 473 மெகாஹெர்ட்ஸ் வரை போகின்றன, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 100 மில்லிவாட்டில் அனுப்பும். இந்தியாவில் உரிமமில்லாமல் அனுமதிப்பது 433–434 மட்டும், அதுவும் கட்டடத்துக்குள், மிகக் குறைந்த சக்தியில். அதனால் தோட்டத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என்று மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் ஜோடியும் கிடைக்கிறது. 17.3 சென்டிமீட்டர் கம்பி ஒன்றை ஆன்டெனாவாக வைத்துக் கற்றுக்கொள்ளலாம், நம்பி வேலை ஒப்படைக்க முடியாது.

தோட்டத்துக்கு லோரா. மெதுவாகப் பேசித் தூரம் போகும் நுட்பம் இது. எவ்வளவு மெதுவாக என்பதை எஸ்எஃப் (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்) என்ற எண் தீர்மானிக்கிறது; அது கூடக்கூட வேகம் குறையும், தூரம் கூடும். 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் 10 பைட் அனுப்ப எஸ்எஃப்7-இல் ஏறக்குறைய 41 மில்லி விநாடி ஆகும். அதே 10 பைட்டுக்கு எஸ்எஃப்12-இல் ஏறக்குறைய 1 விநாடி. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல இது தாராளம். படம், குரல் எல்லாம் நினைக்கவே வேண்டாம்.

வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் ரா-02 என்ற லோரா மாட்யூல் வேலை செய்வது 410–525 மெகாஹெர்ட்ஸில். இந்தியாவில் வெளியிடத்தில் உரிமமின்றிப் பயன்படுத்தத் தகுந்தது 865–868 பட்டை. அதற்கு ரா-01எச் அல்லது ஆர்எஃப்எம்95-இன் 868 வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். கால்கள் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் பலகை) நேராகச் செருகாது, ஓர் அடாப்டர் பலகையும் சேர்த்தே வாங்குங்கள். 5 வோல்ட் பின்னோடு நேராக இணைத்தால் சிப் கெட்டுவிடும், ஆகவே ஈஎஸ்பி32 போன்ற 3.3 வோல்ட் பலகையே பொருத்தம். ஆன்டெனா மாட்டாமல் அனுப்பவும் கூடாது. எஸ்எஃப்பைக் கூட்டுவதற்கு முன் ஆன்டெனாவை மோட்டார் ரூம் கூரைக்கு மேலே ஏற்றிப் பாருங்கள், பல இடங்களில் அதுவே போதும்.

அப்புறம், எந்த மாட்யூலை எடுத்தாலும் ஒரு நாள் சிக்னல் நின்றுபோகும். "நிறுத்து" என்ற கட்டளை வந்தால்தான் நிற்பது போல மோட்டார் பக்கத்து நிரலை எழுதாதீர்கள். தொட்டியிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "ஓடட்டும்" என்று வர வேண்டும். ஐந்து நிமிடம் வராவிட்டால் ரிலே (நிரல் இயக்கும் சுவிட்ச்) தானாகவே மோட்டாரை அணைத்துவிட வேண்டும்.