சாலமன்காவில் ஹோம்ஸ்டே: காசுக்குத் தகுமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயின் போகிறவர்கள் முதல் சில மாதங்களாவது ஒரு குடும்பத்தோடு தங்குங்கள். வாடகை அதிகம்தான், ஆனால் தகும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போடுகிறேன். குறைத்த ஒன்று வீட்டுக்காரர்களுக்காக இல்லை, அந்த வீட்டை ஏற்பாடு செய்து தந்த மொழிப்பள்ளி அலுவலகத்துக்காக. பெயரெல்லாம் வேண்டாம். அதே குறை வேறு பள்ளிகளிலும் உண்டு என்று கூடப் படித்தவர்கள் சொன்னார்கள்.

ஏன் சாலமன்கா? மத்ரித்தின் சமார்தின் ஸ்டேஷனில் ஏறினால் வேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஊர் சின்னது, எங்கும் நடந்தே போகலாம். 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருப்பதால் வெளிநாட்டு மாணவர்கள் இந்த ஊருக்குப் புதிதல்ல. நாம் தடுமாறிப் பேசினாலும் கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். பார்சலோனா போனால் தெருவில் பாதி கத்தலான் என்ற வேறு மொழி காதில் விழும். மொழியே நோக்கம் என்றால் முதல் ஊராக இதுதான் வசதி.

எனக்குக் கிடைத்தது ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடி வீடு. எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா, வார இறுதியில் மட்டும் வந்து போகும் மகன். அறையில் கட்டில், மேசை, அலமாரி, ஜன்னலில் மேலே சுருட்டி ஏற்றும் பிளைண்ட். பெர்சியானா என்கிறார்கள். அதை முழுக்க இறக்கிவிட்டால் நடுப்பகலும் நள்ளிரவாகிவிடும். ஏற்றிவிட்டாலும் குளிர்காலத்தில் பெரிய பயன் இல்லை. ஜனவரியில் அங்கே சூரியன் எழவே எட்டரை மணி தாண்டிவிடும். லண்டனைவிட மேற்கே இருக்கிற ஊர், ஆனால் 1940-இலிருந்து ஸ்பெயினின் கடிகாரம் பெர்லினோடு ஓடுகிறது. ஒன்பது மணி வகுப்புக்கு அரை இருட்டில் நடந்து போவதும், ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெயில் அடிப்பதும் அதனால்தான்.

சாப்பாட்டு நேரமும் இதே கதை. மதியச் சாப்பாடு இரண்டரை, இரவுச் சாப்பாடு ஒன்பதரை. ஏழு மணிக்குப் பசிக்கிறது என்று அடுக்களைப் பக்கம் போனால் ஒரு ஆரஞ்சு மட்டும்தான் கிடைக்கும். ஐந்தரை ஆறு மணிவாக்கில் ஒரு காபி, நாலு பிஸ்கட் சாப்பிட்டுக்கொள்ளப் பழகிவிட்டால் சமாளிக்கலாம்.

அடுத்து குளிர். சாலமன்கா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். ஸ்பெயின் என்றதும் கடற்கரை வெயிலை நினைத்து மெல்லிய ஸ்வெட்டரோடு வந்த பிரேசில்காரி ஒருத்தி, இரண்டாம் நாளே கோட்டுக் கடைக்கு ஓடினாள். எங்கள் கட்டடத்தில் ஹீட்டர் மொத்தக் கட்டடத்துக்கும் பொது, மணிக் கணக்கு வைத்துத்தான் ஓடும். இரவு நின்றுவிட்டால் நின்றதுதான். ஆனால் அந்த வீட்டில் ஒரு வட்டமேசை உண்டு. தரைவரை தொங்கும் கனத்த துணி போர்த்தி, அடியில் சின்ன மின்சாரக் கணப்பு வைத்திருப்பார்கள். அதற்குப் பிராசெரோ என்று பெயர், ஒரு காலத்தில் கரி போட்டு எரித்தார்களாம். துணியைத் தூக்கி மடிமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே சித்திரை, மேலே மார்கழி. எழுந்து அறைக்குப் போக மனசே வராது. அதனால் யாரும் எழுந்து போகமாட்டார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டது முக்கால்வாசி அந்த மேசையில்தான்.

வகுப்பில் இலக்கணம் ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இடைவேளை மணி அடித்ததும் எல்லாரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். வீட்டில் அந்த வழியே இல்லை, அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஹலோகூட வராது. ஆசை, கட்டளை, சந்தேகம் வரும் இடங்களில் ஸ்பானிஷ் வினை வேறு உருவம் எடுக்கும். பாடத்தில் எல்லாரும் கால் இடறும் இடம் அது. ‘நீங்களும் வர வேண்டும்’ என்று சொல்ல நினைத்து ‘கியேரோ கே வியேனெஸ்’ என்றால், அம்மா கரண்டியைச் சட்டிக்குள்ளேயே நிறுத்திவிடுவார். என் தட்டு காலியாகக் காத்திருக்கும். ‘வேங்காஸ்’ என்று நான் திருத்திச் சொன்ன பிறகுதான் கரண்டி மேலே வரும். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இந்த வேகம் கிடையாது. ஒன்பது மணிச் செய்திக்கு முன்னால் டிவியில் ஒரு வினாடி வினா ஓடும். ஒவ்வொரு எழுத்துக்கும் விளக்கம் சொல்வார்கள், சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் ஒன்றும் புரியவில்லை. வசந்தம் வந்தபோது எப்போதாவது ஒரு சொல்லைப் போட்டியாளருக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன், அம்மா மேசையைத் தட்டுவார்.

உச்சரிப்பில் தமிழர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ‘எஸ்பான்யா’வில் வரும் ஒலிக்கு அமெரிக்க மாணவர்கள் மல்லுக்கட்டும்போது நாம் ஞானம் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போகலாம். நாக்கை உருட்டும் ர-வும் நமக்குப் பெரிய பாடில்லை. பல்லிடுக்கில் நாக்கை வைத்துச் சொல்லும் அந்தக் காஸ்தீய (ஸ்பெயின் பாணி) ‘ஸ’ மட்டும் பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

சரி, சாப்பாடு. நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நான் முட்டை சாப்பிடுவேன். கறி, மீன் கிடையாது. விண்ணப்பத்தில் சைவம் என்று எழுதியிருந்தேன். முதல் வாரம் லென்தேஹாஸ் வந்தது, நம் மைசூர்ப் பருப்பைவிடப் பெரிய பழுப்புப் பருப்பு. அதில் போட்ட சொரீசோ என்ற பன்றிக்கறித் துண்டுகளை அம்மா ஒன்றுவிடாமல் பொறுக்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டு, ‘இப்போது கறி இல்லை, சாப்பிடு’ என்றார். ரொம்ப நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. அன்று ரொட்டியும் தக்காளியும் சாப்பிட்டேன். விளக்கிச் சொன்ன பிறகு எனக்கென்று ஒரு குட்டிச் சட்டி அடுப்பேறியது: பூண்டு, காரட், பிரிஞ்சி இலை, பக்கத்து மாகாணமான காசெரெஸின் லா வேராவிலிருந்து வரும் புகைபோட்ட மிளகாய்ப்பொடி. காரம் இல்லை, வாசனைதான். சோற்றோடு பிசைந்து சாப்பிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம். தோர்தியா என்கிற உருளைக்கிழங்கு முட்டை அடை, சோறும் தக்காளிச் சாஸும் பொரித்த முட்டையும் சேர்த்த கூபா சோறு, காய்களை வதக்கிச் செய்யும் பிஸ்தோ, இவையெல்லாம் எனக்கு வாரம் தவறாமல் கிடைத்தன. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் சைவர்களுக்குப் பொற்காலம். வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது. கொண்டைக்கடலையும் கீரையும் போட்ட குழம்பு வைப்பார்கள். அதிலும் உப்புக் கருவாட்டு மீன் விழும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வெளியே இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ‘வெஹெத்தால்’ என்று பலகையில் போட்டிருக்கும் காய்கறி சாண்ட்விச்சில் சூரை மீன் இருக்கும். சாலட்டிலும் அதே கதை. குளிர்ந்த தக்காளி சூப் பாதுகாப்பு என்று சால்மொரேஹோ கேட்டால் மேலே பொடிப்பொடியாகப் பன்றிக்கறி தூவித் தருவார்கள். வான் டைக் தெருவில் ஒரு கிளாஸ் எதையாவது குடித்துக்கொண்டே சின்னச் சின்னப் பலகாரம் சாப்பிடுவதுதான் மாணவர்களின் வியாழக்கிழமை. அங்கே பெரும் புகழ் பன்றியின் தாடைக்கறிக்கு. என்னைக் காப்பாற்றியது காளானும் பொரித்த உருளைக்கிழங்கும். ஈஸ்டர் ஞாயிறுக்கு எட்டாம் நாள் திங்களன்று ஊரே தோர்மெஸ் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒர்னாசோ என்ற கறி அடைத்த ரொட்டியைத் தின்னும். நான் ஓரத்து ரொட்டியைப் பிய்த்துத் தின்று விழாவில் கலந்துகொண்டேன்.

வீட்டு விதிகள் உண்டு. சமையலறையில் நாம் அடுப்பு பற்றவைக்க முடியாது. துணி துவைப்பது வாரம் ஒரு முறை, அவர்கள் சொல்லும் நாளில். குளியலுக்கு ஹீட்டரில் இருக்கிற வெந்நீர்தான், தீர்ந்தால் போச்சு. வெறுங்காலோடு வீட்டுக்குள் நடந்தால் பெரிய ரகளை. கால் வழியாகத்தான் எல்லா வியாதியும் ஏறும் என்பது அம்மாவின் மருத்துவம். எனக்கு அளவு பார்த்துக் கம்பளிச் செருப்பு வாங்கி வந்து வாசலறையில் வைத்துவிட்டார். எனக்கு இதெல்லாம் தொந்தரவாகத் தெரியவில்லை. தனிமை வேண்டும் என்பவர்களுக்கு மூச்சு முட்டலாம்.

ஊர் சுற்றிக் காட்டுவதும் பேக்கேஜில் சேர்த்தி. பல்கலைக்கழக முகப்பில் மண்டை ஓட்டின்மேல் உட்கார்ந்த தவளையைத் தேடச் சொல்வார்கள், கதீட்ரல் வாசலில் 1992-இல் புதுப்பிக்கும்போது செதுக்கிய விண்வெளி வீரரைக் காட்டுவார்கள். அம்மாவுக்கு அந்த விண்வெளி வீரர் என்றாலே எரிச்சல். நூற்றாண்டுக் கணக்காகக் கட்டின கோயிலில் வந்தவன் எல்லாம் அந்தப் பொம்மையைத்தான் கேட்கிறான் என்பார். என்னைக் கேட்டால், மாலையில் ஊரின் பெரிய சதுக்கமான பிளாசா மயோரில் விளக்குகள் எரிந்து பொன்னிறக் கல் மின்னும் நேரத்தில் சும்மா ஒரு சுற்று நடந்தாலே போதும்.

இப்போது அந்த ஒரு நட்சத்திரம். மூன்று வேளைச் சாப்பாடு என்று காசு வாங்கினார்கள். ஞாயிறு மதியம் அதில் சேராது என்பதை வந்த பிறகுதான் சொன்னார்கள். அதைவிடப் பெரியது பத்ரோன், அதாவது இந்த முகவரியில் குடியிருக்கிறேன் என்று நகராட்சியில் பதிவது. 180 நாளுக்கு மேலான மாணவர் விசாவில் வருபவர்கள், வந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். என்னிடம் அப்போது பத்ரோன் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். அலுவலகம் ‘குடும்பத்தைக் கேள்’ என்றது. அம்மாவோ ‘பள்ளியில் அதெல்லாம் தேவைப்படாது என்றார்களே’ என்றார். மெயிலுக்குப் பதில் இல்லை, நேரில் போனால் ‘நாளை வா’. கடைசியில் வார இறுதியில் வந்த மகன்தான் படிவத்தைப் படித்துப் பார்த்து, இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று அம்மாவுக்கு விளக்கிக் கையெழுத்து வாங்கித் தந்தார்.

ஆகவே பணம் கட்டும் முன் மெயிலில் இவற்றுக்குப் பதில் வாங்குங்கள்: ஞாயிறும் விடுமுறை நாளும் சாப்பாட்டில் சேருமா, பத்ரோனுக்கு வீட்டுக்காரர் கையெழுத்திடுவாரா, அந்த வீட்டில் வேறு மாணவர்கள் தங்குகிறார்களா, குடும்பத்தோடு உட்கார்ந்துதான் சாப்பாடா அல்லது தட்டை மூடி வைத்துவிட்டுப் போவார்களா. கடைசிக் கேள்விதான் முக்கியம். என்னோடு படித்த ஒருவருக்குக் கிடைத்த வீட்டில் நாலு வெளிநாட்டு மாணவர்கள் தனியாக ஒரு மேசையில் ஆங்கிலம் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். அதற்கு ஹாஸ்டல் மேல்.

ஒரு வருடம் படிப்பவர்கள் பாதியில் பகிர்வு ஃபிளாட்டுக்கு மாறிக்கொள்ளலாம். பொதுவாக ஒரு மாத வாடகை முன்பணம் கேட்பார்கள், செலவு கணிசமாகக் குறையும், சொந்தச் சமையலும் செய்யலாம். ஆனால் வந்து இறங்கியதும் அங்கே போக வேண்டாம். வாய் திறந்த பிறகு போங்கள். மாறும்போது புது முகவரிக்குப் பத்ரோனையும் மாற்ற வேண்டும். அந்த வீட்டுக்காரரிடமும் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.